வகுப்பறையில் ஒரு டைமர்: விரட்டுவதற்கா, காத்திருப்பதற்கா?

“ஐந்து நிமிடத்தில் எழுதி முடியுங்கள்” என்று வகுப்பில் அடிக்கடி சொல்கிறோம். அந்த ஐந்து நிமிடம் நம் கைக்கடிகாரத்தில் இருக்கிறது. மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாடம் முடிக்க வேண்டிய அவசரம் இருந்தால் அது மூன்று நிமிடமாகச் சுருங்கும். இடையில் வருகைப் பதிவேடு கேட்டு யாராவது வந்துவிட்டால் பத்து நிமிடமாக நீளும். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறிய மாணவர்கள் நம் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணினித் திரையில் ஓர் எளிய டைமரை ஓடவிட்டால் மீதமுள்ள நேரம் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். இதற்குச் செலவில்லை, இணையமும் தேவையில்லை. டைமர் எவ்வாறு இயங்குகிறது, அதை மாணவர்களே எப்படி உருவாக்கலாம், எந்தச் செயல்பாட்டுக்கு வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்பவற்றை வகுப்பறை அனுபவத்துடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நாழிகையிலிருந்து டைமர் வரை

ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே அளந்து வைப்பது நமக்குப் பழைய பழக்கம். அடியில் சிறு துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஓர் அளவாகக் கொள்ளும் முறை நம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. முல்லைப்பாட்டில், பாசறையில் நீர்க் கடிகாரத்தைப் பார்த்து அரசனுக்கு நேரம் அறிவிப்போர் வருகின்றனர். ‘கன்னல்’ என்பது அக்கருவியின் பெயர். தமிழ்ப் பாட ஆசிரியர்கள் இதை வகுப்பில் இணைத்துச் சொல்லலாம்.

ஒரு நாளுக்கு 60 நாழிகை. எனவே ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம்; அதாவது 180 நிமிடம். நம் மாணவர்கள் பொதுத்தேர்வில் எழுதும் மூன்று மணி நேரம் சரியாக ஒரு சாமம். இதைச் சொன்னால் மாணவர்கள் ஆர்வத்துடன் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

வீட்டிலும் டைமர் உண்டு. குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைப்பது ஒரு வகை நேரக் கணக்குதான். 1980களின் இறுதியில் இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று முடிந்தால் சற்று நீண்ட ஓய்வு. தக்காளிக்கான இத்தாலியச் சொல்லால் இது ‘பொமோடோரோ’ முறை எனப்படுகிறது. அவருடைய 25 நிமிடம் நம் நாழிகையை விட ஒரே ஒரு நிமிடம்தான் கூடுதல்.

கணினி நேரத்தை எப்படி எண்ணுகிறது?

கணினிக்குள்ளும் கைக்கடிகாரத்துக்குள்ளும் சிறிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அது சீராக அதிரும். கடிகாரங்களில் பயன்படும் படிகம் பொதுவாக வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்படுகிறது. இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. 32,768 என்பது 2-இன் 15ஆம் அடுக்கு. அதைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் 1 கிடைக்கும். மின்சுற்று அப்படிப் பாதியாக்கித்தான் ‘ஒரு வினாடி’ என்ற துடிப்பைப் பெறுகிறது. அடுக்குகள் நடத்தும் கணித ஆசிரியருக்கும் அதிர்வெண் நடத்தும் அறிவியல் ஆசிரியருக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

ஏற்கெனவே இருக்கும் டைமர்

விண்டோஸ் கணினியில் ‘கிளாக்’ என்ற செயலி முன்பே நிறுவப்பட்டிருக்கும். பழைய பதிப்பில் அதன் பெயர் ‘அலாரம்ஸ் அண்ட் கிளாக்’. அதில் ‘டைமர்’ பகுதிக்குச் சென்று நேரத்தைக் குறித்து ஓடவிடலாம். ‘கீப் ஆன் டாப்’ என்ற குறியை அழுத்தினால் டைமர் சிறு பெட்டியாக மாறி, மற்ற பக்கங்களைத் திறந்தாலும் அவற்றின் மேலேயே நிற்கும். திறன்மிகு வகுப்பறைத் திரையில் பாடத்தைக் காட்டிக்கொண்டே ஓரத்தில் நேரத்தையும் காட்ட இது உதவும். லினக்ஸ் இயங்குதளத்தின் பல வகைகளில் ‘கிளாக்ஸ்’ என்ற செயலி உண்டு. கணினி இல்லாத வகுப்பில் கைப்பேசியின் டைமரே போதும்.

மாணவர்களே உருவாக்கும் டைமர்

10ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘காட்சித் தொடர்பு’ பாடத்தில் ஸ்கிராட்ச் மென்பொருள் அறிமுகமாகிறது. பூனையை நகர்த்துவதோடு அந்தப் பாடத்தை முடித்துவிடாமல், உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளையில் டைமர் செய்ய வைக்கலாம். ஸ்கிராட்ச் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

படிகள் இவை:

1. ‘வேரியபிள்ஸ்’ பகுதியில் ‘மொத்தம்’, ‘மீதி’ என்று இரண்டு மாறிகளை உருவாக்கவும்.
2. பச்சைக் கொடியை அழுத்தினால் தொடங்கும் கட்டத்தை முதலில் வைக்கவும்.
3. ‘ஆஸ்க்’ கட்டத்தில் “எத்தனை நிமிடம்?” என்று கேட்கச் செய்யவும். வரும் விடையை 60-ஆல் பெருக்கி ‘மொத்தம்’ என்ற மாறியில் இடவும். ‘மீதி’ என்ற மாறியிலும் அதே மதிப்பை இடவும்.
4. ‘ரீசெட் டைமர்’ கட்டத்தைச் சேர்க்கவும். ஸ்கிராட்சில் ‘டைமர்’ என்ற கட்டம் தானாகவே 0-விலிருந்து மேல்நோக்கி வினாடிகளை எண்ணும்.
5. ‘ரிப்பீட் அன்டில்’ கட்டத்தில் ‘மீதி 1-ஐ விடக் குறைவு’ என்ற நிபந்தனையை வைக்கவும். அதற்குள் ‘மீதி = மொத்தம் கழித்தல் டைமர்’ என்று அமைக்கவும். பின்னம் தெரியாமலிருக்க ‘ஆபரேட்டர்ஸ்’ பகுதியில் உள்ள ‘சீலிங்’ மூலம் முழு எண்ணாக்கவும்.
6. இறுதியில் ஓர் ஒலியைச் சேர்க்கவும்.

நிமிடத்தையும் வினாடியையும் தனித்தனியே காட்ட விரும்பினால் ‘மீதி’யை 60-ஆல் வகுக்க வேண்டும். ஈவு நிமிடம், மீதம் வினாடி. 6ஆம் வகுப்பு மாணவருக்குத் தெரிந்த வகுத்தல்தான்.

பெரும்பாலான மாணவர்கள் முதலில் வேறு வழியில் செய்வார்கள். ‘ஒரு வினாடி காத்திரு, மீதியில் 1-ஐக் குறை’ என்பதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். அதுவும் ஓடும்; ஆனால் மெல்லப் பின்தங்கும். காத்திருப்பது ஒரு வினாடி. குறைப்பதற்கும் திரையில் காட்டுவதற்கும் இன்னும் சிறிது நேரம் ஆகிறது. சுற்றுக்கு 0.02 வினாடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 நிமிடத்தில் 2,700 சுற்று. 2,700 × 0.02 = 54 வினாடி. பாடவேளை முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு நிமிடம் பிழை.

நெடுஞ்சாலையில் நடப்பவர் தம் காலடிகளை எண்ணித் தொலைவைச் சொன்னால் ஒவ்வோர் அடியின் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். சாலையோர மைல் கல்லைப் பார்த்துச் சொன்னால் பிழை சேராது. முதல் முறை காலடி எண்ணுவது. ‘மொத்தம் கழித்தல் டைமர்’ என்பது மைல் கல் பார்ப்பது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வேறுபாட்டை மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். அளவீட்டுப் பிழை பற்றிய பாடம் அங்கேயே நடந்துவிடும்.

தோல் தொழிலில் இரண்டு கடிகாரங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரத்துப் பள்ளிகளில் பல மாணவர்களின் பெற்றோர் தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறார்கள். நேரம் என்பது இம்மாணவர்களுக்கு வீட்டிலேயே அறிமுகமான செய்தி. வேன் வருவதற்குள் சமைத்து முடிக்கும் அம்மாவை நாள்தோறும் பார்க்கிறார்கள்.

வகுப்பில் டைமரை முதன்முதலில் திரையில் காட்டியபோது 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, “எங்கம்மா கம்பெனில இருக்கிற போர்டு மாதிரியே இருக்கு மிஸ்” என்றாள். அவள் அம்மா ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் வரிசையில் வேலை செய்கிறார். மணிக்கு இத்தனை ஜோடி முடிய வேண்டும் என்ற இலக்கும், எத்தனை முடிந்தது என்ற எண்ணும் அங்கே எழுதப்பட்டிருக்கும். இலக்கு எட்டாத நாளில் அம்மா வீட்டுக்கு வரும் முகத்தையும் அவள் அறிவாள்.

அடுத்த வரிசையில் இருந்த மாணவன் வேறொன்று சொன்னான். “எங்கப்பாவும் டிரம்முகிட்ட கடிகாரம் பார்த்துக்கிட்டேதான் இருப்பாரு மிஸ். ஆனா சீக்கிரம் போட்டா தோல் கெட்டுடுமாம்.”

அவன் சொன்னதில் நம் பாடநூலில் உள்ள வேதியியல் இருக்கிறது. ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் குழியில் தோல் பதனிட்ட காலத்தில் அது வாரக்கணக்கில் நடந்தது. குரோம் முறையில் சுழலும் டிரம்மில் அந்தக் கட்டம் ஏறத்தாழ ஒரு நாளில் முடிகிறது. முதலில் தோலை அமிலக் கரைசலில் வைத்து அதன் பிஎச் மதிப்பை ஏறத்தாழ 3-க்குக் கொண்டுவருகிறார்கள். அந்த நிலையில் குரோமியம் உப்பு தோலின் உட்புறம் வரை ஊடுருவும். பிறகு சோடியம் பைகார்பனேட் போன்ற காரத் தன்மையுள்ள பொருளை நீரில் கரைத்துச் சேர்த்து பிஎச்சை 3.8 முதல் 4 வரை உயர்த்துகிறார்கள். அப்போதுதான் குரோமியம் தோலின் புரதத்தோடு பிணைகிறது.

இந்தக் கரைசலை ஒரே தடவையில் ஊற்றுவதில்லை. பொதுவாக மூன்று பங்காகப் பிரித்து, 10 முதல் 15 நிமிட இடைவெளி விட்டுச் சேர்க்கிறார்கள். அவசரப்பட்டால் பிஎச் சட்டென்று உயர்ந்து குரோமியம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். மேல்பக்கம் சொரசொரப்பாகிவிடும்; நடுப்பகுதி பதப்படாமல் நிற்கும். தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்து, நீல நிறம் நடுப்பகுதி வரை சென்றிருக்கிறதா என்று சோதிப்பது இதற்காகத்தான்.

ஒரே தொழிலில் இரண்டு கடிகாரங்கள். தையல் வரிசையில் உள்ளது “விரைந்து முடி” என்கிறது. டிரம்முக்கு அருகில் உள்ளது “இன்னும் பொறு, உள்ளே இறங்கட்டும்” என்கிறது. வகுப்பறையில் நாம் வைக்கும் டைமர் எந்தக் கடிகாரமாக இருக்க வேண்டும் என்பதுதான் நாம் முடிவு செய்ய வேண்டியது. கற்றலில் பெரும்பகுதி டிரம் வேலையைப் போன்றது. அதற்குப் பொறுமையின் கடிகாரம்தான் தேவை.

காத்திருப்பதற்கான டைமர்

*வினா கேட்டபின்.* அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவு நமக்கும் பொருந்தும். வினா கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியே காத்திருந்தார்கள். அதற்குள் விடை வராவிட்டால் அடுத்தவரிடம் சென்றார்கள், அல்லது தாமே விடையைச் சொன்னார்கள். காத்திருப்பு 3 வினாடிக்கு மேல் நீண்டபோது விடைகள் நீளமாயின, விடையே சொல்லாமல் இருப்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். சிந்திக்க வைக்கும் வினாவுக்கு 30 வினாடி டைமர் வைத்து, “ஒலி கேட்கும் வரை யாரும் கை தூக்க வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். முந்திக்கொண்டு பதில் சொல்லும் நான்கு பேருக்கு இது கட்டுப்பாடு. மற்றவர்களுக்கு இது பாதுகாப்பு.

*அமைதி வாசிப்புக்கு.* 10 நிமிட டைமர் ஓடும்போது ஆசிரியரும் பேசக் கூடாது என்பது விதி. “இன்னும் முடிக்கலையா?” என்ற குறுக்கீடு அந்த 10 நிமிடத்தில் வராது.

*தொடக்க வகுப்புகளில்.* 1 முதல் 3 வரையுள்ள வகுப்புக் குழந்தைகளுக்கு ஓடும் எண்கள் பொருள் தராது. பரப்பு குறைவது புரியும். 1990களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ராஜர்ஸ் என்ற தாய், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்த தம் சிறு மகளுக்காக, சிவப்பு வட்டம் சிறிது சிறிதாக மறையும் டைமரை உருவாக்கினார். ஸ்கிராட்சில் ‘மீதி’யின் மதிப்புக்கேற்ப ஓர் உருவத்தின் அளவைக் குறைத்தால் இதே பயன் கிடைக்கும். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு இதைச் செய்து கொடுக்கலாம். எண்ணும் எழுத்தும் செயல்பாடுகளில் ஒரு குழுவிலிருந்து அடுத்த செயலுக்கு மாறும் நேரத்தில், இன்னும் சற்று நேரத்தில் மாற வேண்டும் என்பது குழந்தைக்கு முன்பே தெரிந்துவிடும்.

தேர்வு எழுதும் மாணவருக்கு

100 மதிப்பெண் தாளுக்கு 180 நிமிடம் என்றால், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 2 மதிப்பெண் வினாவுக்கு 3.6 நிமிடம், 5 மதிப்பெண் வினாவுக்கு 9 நிமிடம். வினாத்தாளைப் படிக்க முதலில் தரப்படும் 10 நிமிடம் இதில் சேராது. இந்தக் கணக்கை மாணவர்களே போட வேண்டும்.

மேலே சொன்ன மாணவி 10ஆம் வகுப்புக்கு வந்தபோது எல்லாத் தேர்விலும் கடைசி இரண்டு மூன்று வினாக்களை எழுதாமல் விட்டாள். விடை தெரியாததால் அல்ல. “நேரம் போதல மிஸ்” என்பதே அவள் விடை. இன்னும் வேகமாக எழுது என்று சொல்வதால் பயனில்லை. எழுதும் வேகத்தைக் கூட்டினால் எழுத்து சிதைந்தது.

அவளிடம் டைமரைக் கொடுத்து ஒரு 5 மதிப்பெண் விடையை எழுதச் சொன்னேன். தொடங்குமுன் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளே கணித்துத் தாளின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அவள் கணித்தது 8 நிமிடம். ஆனது 14 நிமிடம். அடுத்த முறை எது எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பக்கத்து மாணவி குறித்தாள். வினா முழுவதையும் எடுத்து எழுதுவது, ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடுவது, ஒரு சொல் பிழையானால் வெள்ளை மை பூசிக் காயும் வரை இருப்பது என்று ஐந்து நிமிடம் விடைக்கு வெளியே போயிருந்தது. வினா எண்ணை மட்டும் எழுது, ஒரே கோடு போடு, பிழையை ஒரு கோட்டால் அடி என்ற மூன்று மாற்றங்கள் போதுமாக இருந்தன. அரையாண்டுத் தேர்வில் அவள் எந்த வினாவையும் விடவில்லை. அவள் கை வேகம் மாறவில்லை. நேரம் எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

இங்கே டைமரைத் தொடங்கியதும் நிறுத்தியதும் அவள்தான். கம்பெனிப் பலகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. இலக்கை யார் குறிக்கிறார்கள், எண்ணை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கருவி இரு வேறு கருவிகளாகிவிடுகிறது.

எங்கே டைமர் வேண்டாம்?

- புதிய கருத்தை முதன்முறை கற்கும்போது வேண்டாம். பெருக்கலையே புரிந்துகொள்ளாத குழந்தைக்கு ஒரு நிமிட வாய்பாட்டுப் போட்டி அச்சத்தையே தரும்.
- வாய்விட்டு வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு வகுப்பின் முன்னால் வேண்டாம்.
- யார் முதலில் முடித்தார் என்று பெயர் எழுதும் பழக்கத்தோடு இணைக்க வேண்டாம்.
- மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் கற்றல் குறைபாடுள்ளோருக்கும் பொதுத்தேர்விலேயே கூடுதல் நேரம் தரப்படுகிறது. வகுப்புத் தேர்விலும் அவர்களுக்குத் தனி அளவே வைக்க வேண்டும்.
- ஒலி மென்மையாக இருக்கட்டும். ஆலைச் சங்கு போன்ற ஒலி தேவையில்லை.
- நாளெல்லாம் ஓட வேண்டாம். ஒரு பாடவேளையில் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை போதும்.

ஆசிரியருக்கும் பயன்படும்

விடைத்தாள் திருத்துதல், பாடக்குறிப்பு எழுதுதல், எமிஸ் பதிவேற்றம் ஆகியவற்றை ஒன்றோடொன்று கலந்து செய்தால் எதுவும் முடிந்த நிறைவு இருக்காது. 25 நிமிடம் விடைத்தாள் மட்டும், 5 நிமிடம் எழுந்து நடப்பது என்று இரண்டு சுற்று செய்து, சுற்றுக்கு எத்தனை தாள் முடிகிறது என்று குறித்துப் பாருங்கள். ஒரு தாளுக்கு எனக்கு 5 நிமிடம் ஆகிறது என்று தெரிந்தபின், 40 தாள்களை ஓர் இரவில் முடிப்பதாக நான் யாருக்கும் சொல்வதில்லை. 200 நிமிடம், அதாவது எட்டுச் சுற்று; மூன்று நாள் வேலை. கடைசித் தாளும் முதல் தாளைப் போலவே கவனமாகப் படிக்கப்படுகிறது.

தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் முதல் வாரத்தில் ஒரே ஒரு செயலுக்கு மட்டும் டைமர் வையுங்கள். வினா கேட்டபின் 30 வினாடி காத்திருப்பதிலிருந்து தொடங்குவது எளிது. வார இறுதியில், இதுவரை பேசாத எத்தனை மாணவர்கள் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் வாரத்தில் டைமரைத் தொடங்கும் பொறுப்பை ஒரு மாணவரிடம் கொடுங்கள். மூன்றாம் வாரத்தில், எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் மாணவர்களிடமே கேளுங்கள்.